கழுவிய பின் கோளாறு இல்லை

காரில் எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லும் சான்றிதழ், லேமினேட் செய்யப்பட்டு, டேஷ்போர்டின் மேல் சாய்ந்து நின்றது. கார் நடுரோட்டில் நின்றது.

பழையகாயலைத் தாண்டித் தூத்துக்குடிக்குப் போகிற சாலை அது. இரண்டு பக்கமும் உப்பளம். உப்புக் குவியல்கள் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தப்பட்டவர்களைப் போல வரிசையாகக் கிடந்தன. பின்னால் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரி ஒன்று, முதுகில் ஒரு வீட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு வருவதுபோல் கண்டெய்னரைச் சுமந்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்துகொண்டிருந்தது.

ஞானையா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். அதே சுற்று.

"மஞ்ச லைட்டு எரியுதுங்க" என்றாள் பின்சீட்டிலிருந்து ஜெயஷீலா.

"எரியாதுன்னு சான்றிதழ்ல போட்டிருக்கே" என்றார் ஞானையா. கேலியாகச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

லாரி கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் கார் தொட்டில் மாதிரி ஆடியது.

ஞானையா நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் வந்துவிட்டால் எதையும் நம்பிவிடுவார். கல்யாண அழைப்பிதழில் "மாலை ஆறு மணிக்கு" என்று போட்டிருந்தால் ஆறு மணிக்குப் போய், நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவி செய்துவிட்டு வருகிற ரகம். ஜெயஷீலா அதே ஊர்ப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசில் தொலைந்த நாட்களில்கூட அவள் மைதானத்தை வெறும் வாயாலேயே நடத்தியிருக்கிறாள். இப்போது அந்தக் குரல் மட்டும் மிச்சம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று மதியம் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் மெஷினோடு அவளை இணைக்க வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மெஷின் ஒருநாள் தவறினால் நெஞ்சில் நீர் கட்டி, மூச்சு இழுத்து, அவளால் படுக்கவே முடியாது. பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். திரும்புகிறபோது நிற்கத் தெம்பில்லாமல் ஏரலில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் ஓய்வுப் பணத்தில் இந்தக் கார்.

கால்மணி நேரத்துக்கு மேல் சூடு ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது. இரண்டாம் முறையாக இப்படி நடக்கிறது. முதல் முறை நின்றதற்குத்தான் அந்தச் சான்றிதழ்.

அதைக் கொடுத்தது நல்முத்து மோட்டார்ஸ். கார் வாங்கிய இடமும் அதுதான்; கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையமும் அதுதான். பைபாஸில் கண்ணாடி மாளிகை. வாசலில் ஃபைபரில் செய்த மாபெரும் சிப்பி. புதுக் கார் வாங்குகிறவர்களுக்காகச் சிப்பி மோட்டாரில் மெல்லத் திறக்கும், உள்ளே கார் முத்தாக இருக்கும், பாட்டுப் போடுவார்கள். வெளியாள் யாராவது போனட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். 'அதுக்குப் பிறகு வண்டி அநாதை சார்' என்றார்கள். ஞானையாவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது.

முதல் முறை போனபோது கேட்டில் காவலாளி செல்லக்கனி காரைக் கழுவும் மேடைக்குத் திருப்பிவிட்டார்.

"லைட்டு எரியுது, மொதல்ல அதப் பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஞானையா.

"கழுவாத வண்டி உள்ள போவக்கூடாது வாத்தியாரய்யா. உள்ள பூராவும் வெள்ளத் தரை. அழுக்கா வந்தா அது முத்து இல்லன்னு முதலாளி சொல்லுதாவ. கழுவுன பொறவுதான் கம்ப்யூட்டர்ல வண்டி வந்ததாவே ஏறும்."

பாதுகாப்பு விதிப்படி முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பிறகு நுரை, தண்ணீர், மறுபடி நுரை, மறுபடி தண்ணீர். எஞ்சின் வரைக்கும் குளிப்பாட்டி, மின்விசிறியில் உலர்த்தி, சாம்பிராணி போடாத குறையாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. ஞானையா மகிழ்ந்து போனார்.

உள்ளே ஸ்கேனர் இருந்தது. ஊழியர்கள் அதைப் 'பெரியவர்' என்றார்கள். அதற்குத் தனி மேடை, தனி ஏசி. அதன் அருகே யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதன் ஒயரைக் காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால், கூடத்தின் பெரிய டிவியில் எல்லோரும் பார்க்கத் தீர்ப்பு வரும். பச்சை டிக் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"கோளாறு இல்ல சார்" என்றான் ஷாம். வாடிக்கையாளர் ஆலோசகர் என்று சட்டையில் எழுதியிருந்த இளைஞன். சாத்தான்குளத்துக்காரன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

இரண்டாம் முறை உப்பளத்தில் நின்ற பிறகு ஞானையா சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனார். கழுவினார்கள். பச்சை டிக் வந்தது. இந்தமுறை கைதட்டவில்லை. மேலாளர் ராஜதுரை தன் அறையிலிருந்து வெளியே வந்தார். டை கட்டியவர், குரல் தேனாக ஒழுகும்.

"சார், நம்ம வண்டி தானா நிக்காது. நிக்குதுன்னா யாரோ நிறுத்துதாங்க. பெரியவர் வண்டியப் பாத்துட்டாரு. இனிமே நாம உங்களத்தான் பாக்கணும்."

ஷாம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டான்.

"ஓட்டும்போது பின்னாடி யாராவது பேசுவாங்களா சார்?"

"என் சம்சாரம் பேசுவா."

"எதப் பத்தி?"

"நான் ஓட்டுத லட்சணத்தப் பத்தி."

ஷாம் குறித்துக்கொண்டான். "வண்டி நின்னுரும்னு எதிர்பாப்பீங்களா?"

"முன்னால இல்ல. இப்ப எதிர்பாக்கேன்."

"ஜெபம் பண்ணுவீங்களா? நிக்கதுக்கு முந்தியா, நின்ன பிறகா?"

"ரெண்டு நேரமும்தான் தம்பி."

முடிவு டிவியில் வந்தது. வாகனம்: நலம். ஓட்டுநர்: எதிர்பார்ப்பு அதிகம்.

அதற்குச் சிகிச்சை உண்டாம். 'நம்பிக்கை அறை' என்று பலகை போட்ட குளிர் அறை. விளக்கை அணைத்து, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, ஒலிபெருக்கியில் எஞ்சின் ஓடும் சத்தத்தைப் போட்டார்கள். நிற்காமல் ஓடும் எஞ்சின். இருட்டில் பக்கத்து நாற்காலி பேசியது.

"ஒமக்கு என்ன கேஸு?"

"நடுரோட்டுல நிக்குது. ஒங்களுக்கு அண்ணாச்சி?"

"நமக்கு நிக்க மாட்டேங்குது. பிரேக்கு. மிதிச்சா ஒருநேரம் பிடிக்கும், ஒருநேரம் யோசிக்கும்." விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம், பெயர் முப்பிடாதி என்று இருட்டிலேயே அறிமுகம் ஆனது. "ரெண்டு பேரு வண்டியையும் சேத்து ஒண்ணாக்கிட்டா சரியாப் போவும் வாத்தியாரே. நிக்க வேண்டிய எடத்துல ஒம்ம வண்டி நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி, அமைதி காக்கச் சொன்னார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு நல்லத நெனைங்கான்" என்றார் முப்பிடாதி, கொஞ்சம் தாழ்ந்த குரலில். "கண்ண மூடுனா எனக்கு முன்னால போற லாரிதாம்யா தெரியுது."

இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. கைகுலுக்கிக்கொண்டது இருட்டிலேயே; வெளியே ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள்.

மூன்றாம் முறை கார் முள்ளக்காட்டில் நின்றது. அன்றைக்கு ஜெயஷீலாவின் மெஷின் நேரத்தில் பாதி போய்விட்டது. இரவெல்லாம் சுவரில் தலையணையைச் சாய்த்து வைத்து, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். மறுநாள் ஞானையா நல்முத்துக்குத் தனியாகப் போனார். விளக்கு எரிந்தபடி இருக்கும்போதே பெரியவரிடம் காட்டுங்கள் என்று கேட்டில் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கழுவினார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கூடத்தின் சுவரைப் பார்த்தார். 'திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள்' என்று எழுதி, சட்டம் போட்ட படங்கள். கடைசியாக மாட்டிய படத்தில் வெளிச்சத்தில் முதன்முறையாக முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தார். படத்தின் கீழே பெயர் இருந்தது. நல்ல மீசை. படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது.

"அண்ணாச்சி வண்டி சரியாயிட்டா?" என்று ஷாமிடம் கேட்டார். ஷாம் வெள்ளைத் தரையைப் பார்த்தான்.

ராஜதுரை வந்தார். "அவரு கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிட்டு சார்."

"பிரேக்கச் சரி பண்ணிட்டீங்களா?"

"க்ளோஸ் ஆயிட்டு. எட்டயபுரம் பக்கத்துல ஒரு லாரி நின்னுட்டு இருந்திருக்கு. இவரு நிக்கல. ரொம்ப வருத்தம் சார், நல்ல கஸ்டமர். மிச்சம் இருந்த வண்டிய இங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. அந்த நிலைமையிலயும் நாங்க முறைப்படி கழுவி, பெரியவர்கிட்ட காட்டினோம்." அவர் குரல் நெகிழ்ந்தது. "கோளாறு ஒண்ணும் இல்ல. சான்றிதழ வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தோம்."

ஞானையா தன் மூன்றாவது சான்றிதழை வாங்கிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தார். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் அவரை முந்திப் போனார்.

ஜெயஷீலாவிடம் சொன்னார்.

"லைட்டு எரியுதப்போ ஒருநாளாவது அந்த மெஷினு நம்ம வண்டியப் பாத்திருக்கா?" என்றாள் அவள்.

"இல்ல. கழுவிட்டுத்தான."

"கழுவுனா சூடு ஆறிரும். ஆறுனா வண்டி ஓடத்தான் செய்யும். போதாததுக்குப் பேட்டரிய வேற புடுங்கி, அதுக்குத் தெரிஞ்ச நாலு விஷயத்தையும் மறக்கடிச்சிருதானுவ. காய்ச்சக்காரன ஐஸ் தண்ணில முக்கி எடுத்துட்டுக் காய்ச்சல் இல்லங்கான். இது அவனுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சா ஏளா சும்மா இருப்பாங்க?"

ஜெயஷீலா அவரைப் பார்த்த பார்வையில், இவரிடமா இவ்வளவு காலம் பிள்ளைகள் கணக்குப் படித்தார்கள் என்ற கவலை தெரிந்தது.

நான்காம் முறை நின்றது துறைமுகச் சாலைத் திருப்பத்தில். பின்னால் வந்த ட்ரெய்லர், டயர் கருகும் நாற்றத்தோடு, ஒரு சாண் இடைவெளியில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, ஞானையாவின் குடும்பத்தை மூன்று தலைமுறை பின்னோக்கி விசாரித்துக்கொண்டே வந்தான். ஜன்னலில் குனிந்தவன் ஜெயஷீலாவின் கையில் ஊசிக் கட்டுகளைப் பார்த்தான். பேச்சு நின்றது. தன் தலைத்துண்டை அவிழ்த்து வீசி, வருகிற லாரிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டே நின்றான், எஞ்சின் ஆறுகிறவரைக்கும். கார் கிளம்பியதும் திட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார் ஞானையா. நேரம் நெருங்கிவிட்டது.

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"நல்முத்துக்கு விடுங்க."

"ஏளா, பெட்டு போயிரும்…"

"இன்னைக்குப் பெட்டு போனா திங்கக்கிழமை பாப்போம். அந்த லாரிக்காரன் நாளைக்கும் ஒரு சாண்ல நிப்பானா? விடுங்கன்னேன்."

கேட்டில் செல்லக்கனி வழக்கம்போல் கழுவும் மேடையைக் கைகாட்டினார். நுரைக் குழாயோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள்.

"மேடம் எறங்குங்க. உள்ள ஆளு இருந்தா கழுவக்கூடாது, ரூல்ஸ்" என்றான் அதில் ஒருவன்.

"அப்ப நான் எறங்க மாட்டேன்" என்றாள் ஜெயஷீலா. கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அப்படி ஒரு நிலைமைக்கு விதி இல்லை. குழாய்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் ஒருமுறை இருமிக்கொண்டது. முன்னால், கழுவி முடித்த ஒரு காருக்காக உள்தடுப்புக் கம்பு உயர்ந்தது.

"அது பின்னாடியே போங்க."

"ஷீலா, கழுவாம எப்படி…"

"போங்கய்யா!"

மைதானம் முழுக்கக் கேட்ட குரல் அது. ஞானையாவின் கால், அவரிடம் கேட்காமலே, ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வரிசையை மீறி, கம்பு இறங்குவதற்குள் கார் உள்ளே பாய்ந்தது. உப்பளச் சேறு வெள்ளைத் தரையில் இரண்டு கோடுகளாக இழுத்துக்கொண்டே வந்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள். கூடத்தின் நடுவில், பெரியவரின் மேடைக்கு நேர் எதிரே, எஞ்சின் தானாக நின்றது.

அன்று மாதாந்திரக் கூட்டம். பெரிய டிவியில் பாதித் திரையில், சென்னையிலிருந்து மண்டலத் தலைவர் அனிஷ் பேசிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாம் மட்டும் பழக்க தோஷத்தில், கார் வந்து நின்றதும் ஒயரை எடுத்துச் செருகிவிட்டான்.

டிவியின் மறுபாதி சிவப்பானது.

அங்கே யாரும் அந்தத் திரையில் சிவப்பைப் பார்த்ததில்லை. "டிவி போயிட்டு, டிவிக்காரனக் கூப்பிடுல" என்றார் ராஜதுரை. ஆனால் சிவப்புக்குள் எழுத்து இருந்தது. எஞ்சினின் சுழற்சியை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று இருந்தது. அந்தச் சென்சார் சூடேறினால் வாயை மூடிக்கொள்ளும். அது பேசாவிட்டால் எஞ்சினுக்குத் தான் சுற்றுவதே தெரியாது, நின்றுவிடும். அங்கிருந்த எல்லோருக்கும் இது தெரியும். டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். அவர்தான் மெல்ல, "அதேதான்" என்றார்.

"சார்" என்று ராஜதுரை திரையை நோக்கிக் கைகூப்பினார். "கழுவாத வண்டி ஒண்ணு உள்ள வந்துட்டு சார். கோளாறு காட்டுது சார்."

அனிஷ் பதறவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள் பதறுவதில்லை. அதற்குக் கீழே ஆள் வைத்திருக்கிறார்கள்.

"ராஜதுரை, உங்க பிராஞ்ச் ஸ்கோர் என்ன? கோளாறு ஜீரோ. இந்தியாவிலேயே நீங்கதான். அது எப்படி வந்துச்சு? கழுவி வந்துச்சு. கோளாறைக் கண்டுபிடிக்கிறது யாராலயும் முடியும், ரோட்டுக்கடை மெக்கானிக் கண்டுபிடிப்பான். கோளாறு இல்லாம பாத்துக்கிறதுதான் நம்ம பிராண்ட். இன்னைக்கு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்டா, நேத்து கொடுத்த சான்றிதழ் என்ன ஆகும்? அதுக்கு முந்தி கொடுத்தது? போனவங்க குடும்பம் வந்து கேட்டா என்ன சொல்வீங்க? ஒரு சென்சாருக்காக நாம எல்லாரும் பொய் சொன்னவங்க ஆகணுமா? அதனால நீங்க உடனடியா…"

நெட் நின்றுவிட்டது. அனிஷ் திறந்த வாயோடு, ஒரு கண் பாதி மூடிய நிலையில், அசையாமல் உறைந்து போனார். என்ன உத்தரவு என்று தெரியாததால், அந்த முகத்துக்கு முன்னால் கைகூப்பிய நிலையிலேயே ராஜதுரையும் நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள்.

பாகங்கள் இருக்கும் அறையின் சிறிய ஜன்னலில் ஒரு மணி அடித்தது. கோளாறு திரையில் வந்தால் அதற்கான பாகத்தைத் தானாக வெளியே தள்ளுகிற ஏற்பாடு முதல்நாளிலிருந்தே அங்கே இருந்தது; ஒருநாளும் வேலை செய்ததில்லை, அவ்வளவுதான். தூசி படிந்த ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்து ஜன்னலில் நின்றது.

யாரும் எடுக்கவில்லை. காரின் பின்சீட்டில் ஜெயஷீலா வாயால் மூச்சு வாங்குகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

ஷாம் பெட்டியைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு சுவரில் மாலை போட்ட படத்தை, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டான்.

"அந்த அண்ணாச்சி சான்றிதழ்லயும் என் கையெழுத்துதான் டீச்சர்" என்றான், ஜன்னலருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

"அழுகைய பொறவு வச்சுக்கலாம்ல. மாட்டு" என்றாள் ஜெயஷீலா.

பெட்டியை எடுத்து வந்து, போனட்டைத் திறந்து கையை உள்ளே விட்டான். கொதிக்கிற இரும்பில் பட்டுக் கை பொசுங்கியது; "ஆத்தீ" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டான். ஒரே ஒரு போல்ட். ஒரே ஒரு ஒயர் முனை. பழையது கழன்று வந்தது. பெருவிரல் தண்டிதான். ஞானையா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"இத்துனூண்டா?"

"இத்துனூண்டுதான் சார்." புதியதைச் செருகி முடுக்கினான். பெரியவரின் ஒயரை மறுபடி மாட்டி, பழைய பதிவை அழித்தான். "ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உடனே பிடித்தது. சிவப்பு போய்ப் பச்சை டிக் வந்தது. அதே நேரத்தில் அனிஷ் உயிர்பெற்றார்.

"…கழுவிட்டு மறுபடி பாருங்க. இப்ப என்ன காட்டுது?"

ராஜதுரை திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பச்சை சார். கோளாறு இல்ல சார்."

"நான் சொன்னேன்ல?" என்றார் அனிஷ். எல்லோரும் கைதட்டினார்கள். ஷாம் பொசுங்கிய கையாலேயே தட்டினான்.

மகிழ்ச்சியில் ராஜதுரை காரின் குறுக்கே வந்து நின்றார். "சார், இருங்க. நாலாவது சான்றிதழ். உங்களுக்குச் சிப்பியத் தொறந்து, பாட்டு போட்டு, ஃபோட்டோவும் எடுத்து மாட்டிருவோம்."

"ஃபோட்டோ வேண்டாம்" என்று ஞானையா கத்தினார். தன் குரலில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவருக்கே புதிது. சுவரில் முப்பிடாதிக்குப் பக்கத்தில் இரண்டு ஆணிகள் காலியாக இருப்பதை அவர் பார்த்துவிட்டிருந்தார். ராஜதுரையின் காலோரமாகவே காரைத் திருப்பி வெளியே விட்டார்.

கேட்டில் கம்பு இறங்கியிருந்தது. செல்லக்கனி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரய்யா, வெளிய போவணும்னா உள்ள வந்த சீட்டு வேணும். ஒம்ம வண்டி உள்ள வந்ததாவே இதுல ஏறல. கழுவலல்லா?"

"அண்ணாச்சி, என் சம்சாரத்தப் பாருங்க. மூச்சு விட முடியல."

செல்லக்கனி பார்த்தார். ஜெயஷீலாவின் உதடு வெளுத்திருந்தது. பின்னால் ராஜதுரை, கையில் மாலையோ என்னவோ ஒன்றைப் பிடித்தபடி ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. செல்லக்கனி விதியை மீறுகிற ஆள் இல்லை. பென்ஷன் இல்லாத வேலை, மீற முடியாது. திரையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார்.

"உள்ள வராத வண்டிய நான் எப்படித் தடுக்க முடியும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கம்பைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலை இன்னொருவருக்குக் கொடுக்கப் போர்வை விரித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் பிரேமா இரண்டு வார்த்தை திட்டினாள். ஜெயஷீலாவின் மூச்சைக் கேட்டதும் பாதியில் விட்டுவிட்டு, போர்வையை உருவி எடுத்தாள். ஊசி ஏறியது. மெஷின் சுற்றத் தொடங்கியது.

ஞானையா வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். எஞ்சினை அவர் அணைக்கவே இல்லை. வேப்பமரத்து நிழலில் அது ஓடிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் காவலாளி ஜன்னலைத் தட்டினார். "சார், வண்டிய அணைங்க. பெட்ரோல் வீணா போவுது."

"போவட்டும்."

"யாருக்காவ இப்படி ஓட விட்டிருக்கிய?"

"நிக்குதுன்னா இங்கன வச்சு நிக்கட்டும்யா" என்றார் ஞானையா. "இங்கன லாரி கெடையாது."

காவலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல், மரத்தடியில் நின்ற பைக்குகளை நகர்த்தப் போனார்.

உள்ளே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் இருக்கும் ஜன்னலையும் டேஷ்போர்டையும் மாறி மாறிப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். டீ விற்க வந்தவரை வேண்டாமென்று அனுப்பினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருமுறை ஏதோ குலுங்கியதுபோல் இருந்தது, அவர் நெஞ்சுதான்.

வெயில் சாய்ந்த பிறகு பிரேமா கைத்தாங்கலாக ஜெயஷீலாவை நடத்திக்கொண்டு வந்தாள். ஜெயஷீலாவின் முகம் தெளிந்திருந்தது. போனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"அப்பமிருந்து ஓடுதா?"

"ஓடுது."

"லைட்டு?"

"எரியல."

அவள் பின்கதவைத் திறக்கப் போனவள், நின்று யோசித்து, சுற்றி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டேஷ்போர்டில் இருந்த சான்றிதழை எடுத்து, முகத்துக்கு வீசிக்கொண்டாள்.

"என்ன பாக்கிய? போங்க. மெதுவாப் போனா போதும்."